கொலுசுப் பட்டறைக்காரியின் ஏ350 மதிப்புரை

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஏர்பஸ் ஏ350-900 விமானத்துக்கு ஐந்துக்கு நாலரை. அதற்குள் விமான நிறுவனம் போட்டிருந்த எகானமி இருக்கைக்கும் திரைக்கும் ஐந்துக்கு இரண்டு. ஒரே பயணத்துக்கு இரண்டு மதிப்பெண்ணா என்று கேட்பீர்கள். பெரிய விமானங்களை யார் ஆர்டர் செய்கிறார்கள், அவை எப்படிக் கைக்கு வந்து சேர்கின்றன என்பது தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். இணையத்தில் "ஏ350 அருமை" என்றும் "ஏ350 சுத்த மோசம்" என்றும் இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. தீபாவளிச் சரக்கை அனுப்பி முடித்த கையோடு, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகளைப் பார்த்து வர நானும் என் மாமியாரும் கிளம்பினோம். பெங்களூரிலிருந்து வளைகுடா நகரம் ஒன்று வரை போயிங் 777. அங்கே இறங்கி மாறி, மான்செஸ்டருக்கு ஏ350. திரும்பும்போது வேறொரு நிறுவனம், போயிங் 787. மூன்றுமே நடுவில் இரண்டு நடைபாதை ஓடும் பெரிய விமானங்கள். ஒரே பயணத்தில் மூன்றிலும் உட்கார்ந்து எழுந்ததால் ஒப்பிட்டுச் சொல்ல வசதியாக இருக்கிறது.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் இவற்றில் எதுவும் இறங்க முடியாது. ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்து ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் 72 வகை விமானத்துக்கு அது போதும். ஏ350 போன்றவற்றுக்கு எட்டாது. பெட்டிகளும் அதிகம் என்பதால் தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் காரிலேயே, பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேர்ந்தோம். அந்தச் சாலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மதிப்புரை முடியாது.

இனி விமானத்துக்கு வருகிறேன்.

என் மாமியார் ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பக்கம் வாழ்ந்தவர். மாமனார் காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதினார். மலையை விட்டுக் கீழே இறங்கினாலே மாமியாருக்குத் தலை கனக்கும். விமானத்தில் என்ன ஆகுமோ என்று நான்தான் பயந்தேன். 777-இல் பயந்தபடியே நடந்தது. காது அடைத்துக்கொண்டது, தலைவலி வந்தது, தொண்டை வறண்டது. ஏ350-இல் அதைவிட நீண்ட நேரம் பறந்தும் இவற்றில் எதுவும் பெரிதாக இல்லை. "நம் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது கண்ணு" என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. விமானம் 35,000 அடி, 40,000 அடி என்று பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி, ஏதோ ஒரு மலை உச்சியில் இருப்பதுபோன்ற நிலையில் வைத்திருப்பார்கள். பழைய தலைமுறை விமானங்களில் அந்த மலை 8,000 அடி வரை போகும். ஊட்டியைத் தாண்டி, தொட்டபெட்டாவை நெருங்கிவிட்ட உயரம் அது. ஏ350-இலும் 787-இலும் அது 6,000 அடிக்குள் நிற்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,300 அடிக்குச் சற்று மேல். ஆகவே ஏ350-க்குள் என் மாமியார் சேர்வராயன் கோயிலுக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆயுள் முழுவதும் பழகிய உயரம் அது.

இது எப்படி முடிகிறது என்றால், ஏ350-இன் கட்டமைப்பில் எடைக் கணக்கில் 53 விழுக்காடு கார்பன் இழைக் கலப்புப் பொருள். அலுமினிய உடல் ஒவ்வொரு பயணத்திலும் உள்ளழுத்தத்தால் விரிந்து சுருங்கி நாளடைவில் சோர்ந்துபோகும். அதனால் அழுத்தத்தை அளவோடுதான் ஏற்ற முடியும். கார்பன் இழைக்கு அந்தச் சோர்வு மிகக் குறைவு. துருவும் பிடிக்காது. ஆகவே உள்ளே காற்றில் ஈரப்பதத்தையும் கொஞ்சம் கூடுதலாக விடலாம். தொண்டை வறளாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் சாப்பாட்டையும் திரையையும் பார்த்து டிக்கெட் எடுப்பதற்கு முன் இந்த ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது சத்தம். 777-இல் இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து மாமியாரிடம் பேச நான் குனிந்து அவர் காதருகே போக வேண்டியிருந்தது. ஏ350-இல் ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரென்ட் எக்ஸ்டபிள்யூபி என்ஜின்கள். 900 வகையில் ஒவ்வொன்றும் 84,000 பவுண்டு உந்துவிசை தரும். அவ்வளவு பெரிய எந்திரம் ஓடுகிறது என்பதே தெரியவில்லை. நடு வழியில் விளக்குகளை அணைத்த பிறகு மாமியார் என் கையைத் தட்டி, "என்ஜினை நிறுத்திவிட்டார்களா?" என்று கேட்டார். இந்த அமைதிக்கு ஒரு விலையும் உண்டு. நான்கு வரிசை தள்ளி அழும் குழந்தையும், பின்னால் இருப்பவரின் குறட்டையும் துல்லியமாகக் கேட்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது வால் உச்சியில் பொருத்தியிருக்கும் கேமரா. முன்னிருக்கைத் திரையில் அதைப் போட்டுக்கொண்டால் விமானத்தின் முழு முதுகும், விரித்த இறக்கைகளும், முன்னால் நீளும் ஓடுபாதையும் தெரியும். அந்த இறக்கை நுனிக்கு நுனி 64.75 மீட்டர். மேலெழும்போது அதன் முனை வளைந்து உயர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடி பஸ்ஸில் போக ஆசைப்பட்ட வயதுக்கு ஒரு நிமிடம் திரும்பிப் போய்விட்டேன். என் திரையில் அது கொஞ்ச நேரம்தான் ஓடியது. பிறகு திரை உறைந்து நின்றுவிட்டது.

குறைகளின் பட்டியல் அங்கிருந்து தொடங்குகிறது. விமானப் பணிப்பெண் திரையை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. கைபேசிக்கு மின்னேற்றும் துளையிலும் உயிரில்லை. முன்னிருக்கைக்கு அடியில் மின்கருவிப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்ததால் என் இடது காலை நீட்ட முடியவில்லை. மெத்தை பலகையாக இருந்தது. மாமியாருக்கு என் சால்வையை மடித்துப் போட்டேன். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்ததால் சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இந்தக் குறைகளை விமானத்தைக் கட்டிய ஏர்பஸ் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதைப் புரியவைக்க எங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் பல பட்டறைகள் கூலிக்குத்தான் வேலை செய்கின்றன. பார்ட்டி வெள்ளிக் கட்டியைக் கொண்டுவந்து கொடுப்பார். கம்பி இழுத்து, கோத்து, ஊதி, மெருகு போட்டு, எடைக்கு எடை கொலுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொள்வோம். அவர் கொடுத்த வெள்ளியிலேயே டச், அதாவது சுத்தம், குறைவு என்றால் பட்டறை என்ன செய்யும்? பெரிய விமானங்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. உடலையும் இறக்கையையும் தயாரிப்பாளர் கட்டுகிறார். இருக்கை, திரை போன்றவற்றை விமான நிறுவனம் தனியாக வேறு கம்பெனிகளிடம் ஆர்டர் செய்து, தொழிற்சாலைக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே அவற்றைப் பொருத்திக் கொடுப்பார்கள். என் காலை இடித்த பெட்டியையும் பலகை மெத்தையையும் தேர்ந்தெடுத்தது நான் பறந்த விமான நிறுவனம்தான்.

இருக்கையின் அகலத்தில்கூட இந்த விளையாட்டு நடக்கிறது. ஏ350-இன் உடல் வெளிப்புறம் 5.96 மீட்டர் அகலம். எகானமியில் வரிசைக்கு ஒன்பது இருக்கை என்ற கணக்கில்தான் அதை வடிவமைத்தார்கள். அப்படிப் போட்டால் ஒருவருக்கு ஏறத்தாழ 18 அங்குலம் கிடைக்கும். ஏர் கராய்ப், ஃப்ரெஞ்ச் பீ போன்ற நிறுவனங்கள் அதே உடலில் வரிசைக்குப் பத்துப் போட்டிருக்கின்றன. விமானம் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். தோள்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

ஆக, பயணி வாங்குவது "ஏ350" என்ற பெயரை அல்ல. எந்த நிறுவனம், எந்த ஆண்டில், என்ன இருக்கையோடு ஆர்டர் கொடுத்துக் கையில் வாங்கியது என்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். செய்தித்தாள்கள் ஆர்டரைத் தலைப்பில் போடுகின்றன. டெலிவரியை உள்பக்கத்தில் ஒரு மூலையில் போடுகின்றன. தொழில் செய்கிறவளுக்கு இது எரிச்சலூட்டும். ஆர்டர் புத்தகத்தைக் காட்டி யாரும் வங்கியில் சம்பளப் பணம் எடுக்க முடியாது.

இந்த விமானத்தின் ஆர்டர் கதையே சுவையானது. 2004-இல் ஏர்பஸ் முதன்முதலில் காட்டிய ஏ350 வேறு மாதிரி. ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஏ330-இன் உடலை வைத்துக்கொண்டு, புது என்ஜினும் புது இறக்கையும் மாட்டித் தருகிறோம் என்றார்கள். அதே ஆண்டு போயிங் 787-ஐ அறிவித்திருந்தது. ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் 50 விமானங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. பழைய உடலுக்குப் புதுச் சட்டை போட்டுப் போட்டியிட முடியாது என்று 2006-இல் வெளிப்படையாகச் சொன்னவர் ஸ்டீவன் உட்வார்-ஹாஸி. விமானங்களை மொத்தமாக வாங்கிக் குத்தகைக்கு விடும் ஐஎல்எஃப்சி நிறுவனத்தின் தலைவர். பெரிய வாடிக்கையாளர் சபையில் எழுந்து நின்று மாதிரியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு மேல் வாதாட முடியுமா? 2006 ஜூலையில் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில், முழுக்கப் புதிதாக, அகலமாக வரைந்த ஏ350 எக்ஸ்டபிள்யூபி-யைக் காட்டினார்கள். அந்த டிசம்பரில் வேலை தொடங்கியது. 2013 ஜூன் 14 அன்று, ஏர்பஸ் தொழிற்சாலை இருக்கும் பிரான்சின் துலூஸில் முதல் பறப்பு. 2014 டிசம்பர் 22 அன்று கத்தார் ஏர்வேஸ் முதல் விமானத்தைக் கையில் வாங்கியது. 2015 ஜனவரியில் தோஹாவிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்குப் பயணிகளோடு பறந்தது.

நான் உட்கார்ந்து வந்த விமானம் நன்றாக இருந்ததற்கு ஒரு காரணம், வாங்குகிறவர் முகத்துக்கு நேரே "இது வேண்டாம்" என்று சொன்னது. எங்கள் தொழிலில் இப்படிச் சொல்லும் பார்ட்டிகளை அப்போதைக்குத் திட்டுவோம். பிறகு அந்த மாதிரிதான் பத்து வருடம் ஓடும்.

மூன்று அளவுகளில் கொடுப்பதாகச் சொன்னார்கள்: 800, 900, 1000. சிறிய 800-ஐக் கடைசிவரை கட்டவே இல்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக 900-க்கும் பிறவற்றுக்கும் மாறிக்கொண்டார்கள். 73.8 மீட்டர் நீளமுள்ள 1000 வகை 2018 பிப்ரவரியில் முதலில் போனதும் கத்தாருக்குத்தான்.

விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2018-இல் ஏர்பஸ் வெளியிட்ட பட்டியலில் ஏ350-900-இன் விலை 317.4 மில்லியன் டாலர். பிறகு பட்டியல் வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். மொத்தமாக எடுப்பவருக்குப் பெரிய தள்ளுபடி உண்டு. கையெழுத்துப் போடும்போது சிறு தொகை, கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் தவணை, கையில் வாங்கும் நாளில் பெரும்பகுதி. வாங்குகிற நிறுவனத்தின் ஆட்கள் துலூஸுக்கு வந்து சில நாள் தங்கி, தரையில் தட்டித் தடவிப் பார்த்து, ஒருமுறை பறந்தும் பார்த்த பிறகுதான் பணமும் உரிமைப் பத்திரமும் கைமாறும்.

அப்படிக் கைமாறியவற்றின் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2019-இல் ஏர்பஸ் 112 ஏ350 விமானங்களைக் கொடுத்தது. 2024-இல் கொடுத்தது 57. ஏறத்தாழ சரிபாதி. ஆர்டருக்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பரில் டர்கிஷ் ஏர்லைன்ஸ் மட்டுமே எல்லா வகையும் சேர்த்து 220 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் 70 ஏ350. கொரோனாவில் வேகத்தைக் குறைத்தார்கள். பிறகு கூட்ட நினைத்தபோது உதிரி வந்து சேரவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் கின்ஸ்டன் என்ற ஊரில் நடு உடலின் பலகைகளைச் செய்கிறார்கள். அவை கடல் கடந்து பிரான்சின் செயின்ட்-நசேருக்கு வர வேண்டும். இறக்கை வேல்ஸின் பிராட்டனிலிருந்து ஜெர்மனியின் பிரேமன் வழியாக வருகிறது. வால் பாகங்கள் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் உருவாகின்றன. இறக்கை இரண்டையும் ஒரே நடையில் தூக்கிவர பெலூகா எக்ஸ்எல் என்று பெருத்த தலையுள்ள சரக்கு விமானத்தையே செய்து வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு, இருக்கையும் கழிவறைத் தொகுதியும் நேரத்துக்கு வராததால் முழு விமானம் கொட்டகையில் நிற்கிறது. திருகாணி வராமல் சரக்கை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

போயிங் பக்கமும் ஒன்றும் கொழிக்கவில்லை. 787-ஐ 2019-இல் 158 கொடுத்தவர்கள் 2021-இல் கொடுத்தது 14. உடல் பகுதிகளை இணைக்கும் இடத்தில் நுண்ணிய இடைவெளிகள் அனுமதித்த அளவை மீறி இருப்பது தெரியவந்ததால், பெரும்பாலும் 2022 ஆகஸ்ட் வரை டெலிவரியே நின்றிருந்தது. 2024-இல் 51 கொடுத்தார்கள்.

ஆர்டர் என்பது எவ்வளவு இளகிய பொருள் என்பதற்கு எமிரேட்ஸைப் பாருங்கள். 2007-இல் 70 ஏ350-க்கு எழுதிக் கொடுத்தார்கள். 2014-இல் அத்தனையையும் ரத்து செய்தார்கள். 2019-இல் 50 வேண்டும் என்று மறுபடி வந்தார்கள். 2023-இல் அது 65 ஆனது. முதல் விமானம் துபாய்க்கு வந்தது 2024 நவம்பரில். இடையில் 2023 துபாய் கண்காட்சியில் அதன் தலைவர் டிம் கிளார்க், பெரிய 1000 வகையின் என்ஜின் பாலைவனச் சூட்டில் போதிய காலம் உழைக்காது என்று வெளிப்படையாகவே சொல்லி அதை வாங்க மறுத்தார். கத்தாரின் சண்டை வேறு வகை. விமானத்தின் மேற்பூச்சு உரிகிறது, அடியில் மின்னலிலிருந்து காக்கும் செப்பு வலை சிதைகிறது என்று 2021-இல் தன் ஏ350-களில் பலவற்றை நிறுத்திவைத்து, லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்றது ஏர்பஸ். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பும் அதையே சொன்னது. 2023 பிப்ரவரியில் சமரசமானது. மெருகு போய்விட்டது என்று பார்ட்டி சண்டைக்கு வருவது செவ்வாய்ப்பேட்டையில் மட்டும்தான் என்று இருந்த எனக்கு இந்த வழக்கைப் படித்தபோது ஒரு அற்ப திருப்தி.

நம் நாட்டுக் கணக்கு இனி. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களை அறிவித்தபோது பட்டறையில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதில் ஏ350 நாற்பது: 900 வகை ஆறு, 1000 வகை முப்பத்து நான்கு. அந்த டிசம்பர் 23-ஆம் தேதியே முதல் ஏ350-900 டெல்லியில் வந்து இறங்கியது. பத்து மாதத்தில் எப்படி வந்தது? அந்த ஆறும் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகக் கட்டியவை. உக்ரைன் போரைத் தொடர்ந்து விதித்த தடைகளால் அவர்களுக்குக் கொடுக்க முடியாமல் நின்றவற்றுக்கு வண்ணம் மாற்றி நமக்கு வந்தது. 316 இருக்கைகள்: கதவு வைத்த பிசினஸ் அறைகள் 28, பிரீமியம் எகானமி 24, எகானமி 264. பார்ட்டி மாறினாலும் இருக்கை முதல் பார்ட்டி தேர்ந்தெடுத்ததுதான். 2024 ஜனவரி 22-இல் உள்நாட்டில் ஓடத் தொடங்கி, பிறகு துபாய், லண்டன், நியூயார்க் என்று நீண்டது. ஆகவே ஏர் இந்தியாவின் இந்த ஆறில் ஏறிவிட்டு "ஏர் இந்தியா தேர்ந்தெடுத்த உட்புறம்" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

காமலாபுரத்துக்கு ஏடிஆர் ஓட்டும் இண்டிகோவும் இந்த வரிசையில் நிற்கிறது. 2024 ஏப்ரலில் 30 ஏ350-900, 2025-இல் மேலும் 30. முதல் விமானம் 2027-இல் வர வேண்டும். அதுவரை காத்திருக்காமல் நார்ஸ் அட்லாண்டிக் நிறுவனத்தின் 787-9 விமானங்களை விமானிகளோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து, 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஓட்ட ஆரம்பித்தார்கள். சரக்கு வருமுன் கடையைத் திறந்து வைக்கும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்போது அதில் ஏற மும்பை வரை போக வேண்டியிருந்தது. மாமியாரோடு அது ஆகாது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 787-8 விழுந்து, விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். கீழே இருந்த 19 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு, வெளிநாடு போகிறோம் என்றாலே "என்ன விமானம்?" என்று கேட்கிறார்கள். என் நாத்தனார் 787-இல் ஏறவே கூடாது என்றார். நான் ஏறினேன். ஒரு விபத்தை வைத்து அத்தனை விமானங்களையும் ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏ350-இன் பக்கம் 2024 ஜனவரி 2 இருக்கிறது. டோக்கியோவின் ஹனேடாவில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறு விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். ஏ350-இல் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. கார்பன் உடல் நெருப்பில் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் கிடைத்தது. ஆனால் அந்தப் பெருமையில் பாதிக்கு மேல், பெட்டியை எடுக்க யாரையும் விடாமல் இறக்கிய பணியாளர்களுக்குச் சேர வேண்டியது. மேலடுக்கில் இருந்து தட்டுவடைப் பொட்டலத்தை இறக்கிக்கொண்டுதான் எழுந்திருக்கும் நம்மவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

டிக்கெட் எடுப்பவர்களுக்குச் சில வார்த்தை. முன்பதிவுத் திரையில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று இலக்கக் குறியீடு இருக்கும். 359 என்றால் ஏ350-900. 351 என்றால் ஏ350-1000. 788, 789, 781 என்றால் 787-இன் 8, 9, 10 வகைகள். பல இடங்களில் "விவரம்" என்பதைத் தொட்டால்தான் தெரியும். அதே தடத்தில் நேற்றும் முந்தாநாளும் எந்தப் பதிவெண் விமானம் பறந்தது என்பதை விமானங்களைப் பின்தொடரும் செயலிகள் காட்டும். பதிவெண்ணை வைத்து அது எந்த ஆண்டு டெலிவரி என்று தேடிவிடலாம். ஏழெட்டு வருடத்துக்கு முன் வாங்கி இருக்கையை மாற்றாத விமானம் என்றால், என் திரைக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு. மாற்றினால் பணம் திரும்பாது. இருக்கை வரைபடத்தில் ஒன்பதா பத்தா என்று எண்ணிப் பாருங்கள். ஜன்னலோரம் வேண்டுமென்றால் இறக்கைக்குப் பின்னால் எடுங்கள். கடைசி வரிசைகள் வேண்டாம். அங்கே கழிவறை வரிசை உங்கள் தோளில் வந்து சாயும்.

787-ஐப் பற்றி இரண்டு வரி. உடல் 5.77 மீட்டர், ஏ350-ஐவிடக் குறுகல். அதிலும் வரிசைக்கு ஒன்பது. ஒரு அங்குலம்தானே என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் கைப்பிடியை எடுத்துக்கொண்ட பிறகு அந்த அங்குலத்தின் மதிப்பு தெரிந்தது. சத்தம் ஏ350-ஐவிட ஒரு பங்கு கூடுதல், 777-ஐவிட மிகக் குறைவு. காற்றழுத்தம் அதே 6,000 அடிதான் என்பதால் மாமியாருக்குத் தலைவலி இல்லை. நான் ஏறிய 787 புதியது. திரை கண்ணைப் பறித்தது, மின்னேற்றம் வேலை செய்தது, கால் நீட்ட இடம் இருந்தது. அந்த நிறுவனம் போட்டிருந்த இருக்கைக்கு நான்கு தருவேன். விமானத்துக்கும் நான்கு.

அடுத்த முறை இரண்டும் ஒரே நாளில் கிடைத்தால், ஏ350-க்கு டிக்கெட்டுக்கு மூவாயிரம் ரூபாய் வரை கூடுதலாகக் கொடுப்பேன். மாமியார் உடன் வந்தால் ஐயாயிரம் வரை போவேன். அதற்கு மேல் கேட்டால் 787-இலேயே போய்க்கொள்கிறோம். பொத்தானை அழுத்தினால் ஜன்னல் கண்ணாடி நீலமாக இருளும் அந்த வித்தையை மாமியார் வழியெல்லாம் செய்து பார்த்துக்கொண்டே வந்தார்.